பேருக்கு ஆசிரியர் மத்தோஷ்

ரொம்ப ரொம்ப முந்தி. நம்ம தாத்தனுக்குத் தாத்தன் நடமாடின காலம்னு வைங்க. செக் தேசத்துல லோமிச்சேன்னு ஒரு ஊரு. மேல பனி, கீழ நிலக்கரி, நடுவுல மனுசங்க. வியன்னாவுல உக்காந்துக்கிட்டு ஒரு ராஜா அந்த ஊரை ஆண்டாராம்.

நான் பாய்லர் வேலை பழக அங்க போயிருந்தப்ப, தங்கியிருந்த வீட்டுக்காரம்மா சொன்னது இது. அவங்க தாத்தாவோட அண்ணன் கதை. அவங்க அவங்க பாஷையில சொன்னாங்க. நான் திருச்சிக்காரன், எனக்கு வர்ற பாஷையிலதான் சொல்லுவேன். குறுக்க பேசாமக் கேளுங்க.

அந்த ஊர்ல ஒரு பத்திரிகை. பேரு நம்ம பாஷையில 'வரப்பு'ன்னு வச்சுக்கங்க. அதுல பாட்டு இருக்கும், நாடகம் இருக்கும், நடுவுல ராஜாவுக்கும் முதலாளிக்கும் நல்லா சூடும் இருக்கும். எழுதுறது பூரா ஹினெக்னு ஒரு வக்கீல். ஆனா ஆசிரியர்னு அச்சடிச்ச பேரு அவரு பேரு இல்ல. மத்தோஷ் பேரு. யாரு மத்தோஷ்? அவருதான் வீட்டுக்காரம்மா தாத்தாவோட அண்ணன், மரம் அறுக்குற மில்லுல வலது கையப் பறிகொடுத்த ஆளு. எழுதப் படிக்கத் தெரியாது.

ஏன்னா சட்டம் அப்படி. எழுத்துல குத்தம் கண்டா ஆசிரியர்னு பேரு போட்டவனைத்தான் புடிப்பாங்க. எழுதுறவரு உள்ள போய்ட்டா பத்திரிகை நின்னுரும்ல? அதனால ஜெயிலுக்குப் போறதுக்குன்னே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சுக்கிறது. அந்தக் காலத்துல நிறைய பத்திரிகையில அப்படி ஒருத்தன் இருந்தானாம். கை போனவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான், சொல்லுங்க?

சாராயக் கடையில கிண்டல் பண்ணுவாங்களாம். "என்ன ஆசிரியரே, இந்த மாசம் என்ன எழுதியிருக்கீங்க?"

"எனக்கென்னய்யா தெரியும்? ஜட்ஜ் வாசிக்கும்போதுதான் நானே கேக்குறேன்!"

எல்லாரும் சிரிப்பாங்களாம். அவரும் சிரிப்பாராம். சிரிக்காத ஒரே ஆளு அவரு பொண்டாட்டி ரூஷெனா. பிள்ளை குட்டி கிடையாது. அவரு உள்ள போனா அந்தம்மா ஒத்தையில கிடக்கணும். ரெண்டு தடவை உள்ள போனாரு, ரெண்டு குளிர்காலம் அந்தம்மா ஒத்தையில கிடந்துச்சு. ரெண்டாவது குளிர்காலம் முடிஞ்சு அவரு வந்து பாக்குறாரு, பொண்டாட்டி இருமுது. துணியில ரத்தம்.

வைத்தியரு கைய விரிச்சிட்டாரு. அன்னைக்கு ரூஷெனா புருசன் கையப் புடிச்சுக்கிட்டாளாம். "எனக்கு மருந்து வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். என்னை ஒத்தையில சாக விட்டுறாதீங்க."

"விடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மத்தோஷ் நேரா வக்கீல்கிட்ட போனாரு. "ஐயா, கொஞ்ச நாளைக்கு வெறும் பாட்டா போடுங்கய்யா. பூவு, நிலா, ஆறு, இப்படி எதையாவது போடுங்க. இவ கண்ணை மூடுற வரைக்கும் என்னை உள்ள அனுப்பிடாதீங்க." ஹினெக்கும் நல்ல மனுசன்தான். சரின்னாரு. 'வரப்பு'ல மாசாமாசம் பூவும் நிலாவுமா வந்துச்சாம். வாசிக்கிறவன்லாம் வக்கீலுக்குக் காதல் வந்துருச்சோன்னு கேட்டானாம்.

அப்பத்தான் சுரங்கத்துல தீ புடிச்சது. உள்ள ஆளுங்க இருக்காங்க. காத்து போனா தீ பரவும், கரியெல்லாம் போயிரும்னு சுரங்கத்து வாயை மூடச் சொல்லிட்டான் முதலாளி. மூடினதுக்கு அப்புறமும் உள்ள இருந்து இரும்புக் குழாயில தட்டுற சத்தம் கேட்டுச்சாம். வெளிய நின்ன பொம்பளைங்க எல்லாரும் கேட்டாங்களாம். முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? "மூடுறதுக்கு முன்னாடியே எல்லாரும் செத்துட்டாங்க."

விசாரணைக்குன்னு ராஜா அனுப்பின ஒரு துரை வர்றாரு. அதுக்குள்ள அச்சுல வரலைன்னா முதலாளி சொன்னதையே எழுதிக்கிட்டுப் போயிருவாரு, கதை அத்தோட முடிஞ்சுது. ஹினெக் அந்தப் பொம்பளைங்க சொன்னதை எழுதி எடுத்துக்கிட்டு மத்தோஷ் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. "என் பேரைப் போடலாம்னா சர்க்காரு அனுமதி வர மாசக்கணக்காகும். இப்ப உங்க பேரு மட்டும்தான் இருக்கு. வேணாம்னு சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

"வாசிங்கய்யா. ஒரு தடவையாவது ஜட்ஜ் வாசிக்கிறதுக்கு முன்னாடி நான் கேக்குறேன்."

வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சதும் உள்ள இருந்து ரூஷெனா குரல். "வேணாம்னு சொல்லுங்க. எனக்கு யாரு இருக்கா? வேணாம்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

மத்தோஷ் சத்தமாச் சொன்னாராம், "வேணாம்யா, போங்க!" சொல்லிக்கிட்டே வக்கீலைப் பாத்துத் தலையை ஆட்டினாராம், போடுங்கன்னு. அப்புறம் உள்ள போய்ப் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. அந்தக் கொஞ்ச நாளும் அந்தம்மா சந்தோசமா இருந்துச்சாம். ரெண்டு வாய் கஞ்சி கூடுதலாக் குடிச்சுதாம். இந்த இடத்துல எனக்கு மத்தோஷ் மேல கோவம் வரும். நான் மறைக்க மாட்டேன்.

பத்திரிகை வந்துச்சு. ஊரே கொதிச்சுது. துரையால மூடி மறைக்க முடியல, முதலாளி குத்தவாளியாக் கோர்ட்டு ஏறினான். அதே நாள் போலீசும் மத்தோஷ் வீட்டுக்கு வந்தான். ரூஷெனா போலீஸைப் பாத்தா, புருசனைப் பாத்தா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. "ரூஷெனா, போய்ட்டு வரட்டா?" திரும்பல. "ரூஷெனா..." திரும்பல. அப்படியே கூட்டிட்டுப் போய்ட்டாங்க.

அவரு ஜெயில்ல இருக்கும்போதே அந்தம்மா உயிர் போயிருச்சு. பாக்க விடுங்கன்னு அழுதாராம், விடல. சுரங்கத்துல புருசனைப் பறிகொடுத்த பொம்பளைங்கதான் வந்து குளிப்பாட்டி, பெட்டியில வச்சு, தோள்ல தூக்குனாங்களாம். ஆம்பளைங்களைத் தொட விடல. கல்லறைக்குப் போற பாதையை விட்டுட்டு நேரா ஜெயில் மதிலுக்குப் போயி, அவரு ஜன்னலுக்கு நேர் கீழ பெட்டியை இறக்கி வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல போற வழியில பாடையை இறக்கி வைப்பமே, அப்படி.

ஜன்னல் உசரத்துல இருக்கு. அவரால கீழ பாக்க முடியல. கம்பிக்கு வெளிய அவரோட இடது கை மட்டும் வந்துச்சாம். அப்புறம் குரல்.

"ரூஷெனா, என் மேல கோவமா?"

செத்தவ என்னத்தைச் சொல்லுவா. அந்தப் பொம்பளைங்களும் வாயத் தொறக்கல. அவளுக்குப் பதிலா பேச யாருக்கு உரிமை இருக்கு? பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க.

மத்தோஷ் வெளிய வந்தாரு. அப்புறமும் பல வருசம் அவரேதான் ஆசிரியர். கூப்பிட்டப்பல்லாம் உள்ள போனாரு. காத்திருக்க வீட்டுல ஆளு இல்ல பாருங்க. சாராயக் கடையில மட்டும் யாரும் அப்புறம் அவரைக் கிண்டல் பண்ணலையாம். அவரு செத்தப்ப அவரு பெட்டியையும் அதே மதிலுக்குக் கீழ கொண்டுவந்து இறக்கினாங்க. அன்னைக்குத்தான் சுரங்கத்துக்காரன் பொண்டாட்டி ஒருத்தி, பல்லு போன கிழவி, பெட்டிகிட்டக் குனிஞ்சு சொன்னாளாம், "கோவம் இல்ல, மத்தோஷ். போய்ட்டு வா."

அந்தப் பத்திரிகையை ராஜா மூடினாரு. ராஜா போனதும் தொறந்தாங்க. ஜெர்மன்காரன் வந்து மூடினான். அவன் போனதும் தொறந்தாங்க, அப்புறம் சொந்த சர்க்காரே மூடுச்சு. நான் போனப்ப ஜெயிலும் இல்ல, அது பால் டிப்போ ஆயிருச்சு. மதிலு மட்டும் நிக்குது. அந்த ஊர்ல இன்னைக்கும் எந்தச் சாவுன்னாலும் பெட்டியை அந்த மதிலுக்குக் கீழ இறக்கி வைக்கிறாங்க. வந்தவங்க அத்தனை பேரும், செத்தவங்க சார்பா, "கோவம் இல்ல"ன்னு ஒரு தடவை சொல்லிட்டுத்தான் தூக்குறாங்க.

வீட்டுக்காரம்மாவோட மாமியா செத்தப்ப நானும் கூடப் போனேன். ரூஷெனாவுக்குக் கோவம் இருந்துச்சா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? என்னைக் கேட்டா, இருந்துச்சுன்னுதான் சொல்லுவேன். ஆனா அந்த மதிலுக்கு முன்னால பெட்டியை இறக்கினப்ப, நானும்தாங்க சொன்னேன்.