குரல் ஓய்வு நாளில் ஐஸ் கம்பெனியில் நடந்தது

என் பெயர் ஹென்றி. வயது 44. தந்தை பெயர் மரியநாதன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் கோயில் தெருவுக்குப் பின்னால் உள்ள சொந்த வீட்டில் அவருடன் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலம் கொடுக்க எனக்குக் கட்டாயம் ஏதும் இல்லை என்றும், இதில் உள்ளதே எனக்கு எதிராகத் திரும்பலாம் என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் ஓபரா பாடகன். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பாடுபவன் என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு தொழில். ஓபராவில் நாடகம் முழுவதையும் பாட்டாகவே நடிக்க வேண்டும். மைக் கிடையாது. முன்னால் அறுபது வாத்தியங்கள் வாசிக்கும்போது அதற்கு மேலாகக் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். ஆண் குரலில் உச்ச சுருதி பாடுபவனை டெனர் என்பார்கள். நான் டெனர். பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்து, உதவித்தொகையில் ஜெர்மனி போய்ப் படித்து, அங்கே ஒரு சிறு நகர அரங்கில் பதினொரு வருடம் பாடினேன். இரண்டு வருடம் முன்பு அரங்கத்தார் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு இந்த வருடம் மே மாதம் வேறொரு ஜெர்மன் அரங்கிலிருந்து, ஜூன் 13-ஆம் தேதிக்குள் இரண்டு பாடல்களைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். என் வயதுக்கு இனி ஒரு அழைப்பு வராது. வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஓடாமல் கிடந்தது. அங்கே மிஷின் ஆபரேட்டராக இருந்த புளியந்தோப்பு அசோகன் எனக்குப் பள்ளித் தோழன். மேலாளர் நெல்சனிடம் கேட்டு, மிஷின் ரூமை ஒட்டிய காலி அறையில் பாட அவன்தான் ஏற்பாடு செய்தான். ஐந்து வாரம் அங்கே பயிற்சி செய்தேன்.

அதன் பிறகு ஜூன் 10-ஆம் தேதி மிஷின்களை ஓட்டினார்கள். 15-ஆம் தேதி விசைப்படகுகள் கடலுக்குப் போகும், அதற்குள் ஐஸ் வேண்டும் என்று அவசரம். அன்றே, ஐஸ் உறைய வைக்கக் குழாயில் ஓடும் அமோனியா வாயுவின் நெடி மூக்கில் ஏறியது. குழாய் இணைப்பு ஒன்று இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அசோகன் என் முன்னிலையில் நெல்சனிடம் சொன்னான். "போட்டுங்க மொதல்ல கடலுக்குப் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் நெல்சன். அசோகன் என்னிடம், "நைனா, நீ நாளைலேர்ந்து இங்க வராத. உன் தொண்டை கெட்டுப்பூடும்" என்றான். அவன் தொண்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

பதிவுக்கு முந்தின இரண்டு நாட்கள் நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அதைக் குரல் ஓய்வு என்போம். இருமக்கூட மாட்டேன். ஏதும் வேண்டுமானால் எழுதிக் காட்டுவேன். இருபது வருடப் பழக்கம். அரங்கத்தில் விளக்குக் கம்பி அறுந்து என் தோளில் விழுந்த அன்றுகூட வாயைத் திறக்காமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அதன் பிறகு ஜூன் 12-ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் என் கீபோர்டை எடுத்துவரப் போனேன். லோடு ஆட்கள் வெளியே வேன் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிஷின் ரூமில் அசோகன் மட்டும் இருந்தான். என்னைப் பார்த்து, "இன்னா நைனா, சாமியாரா பூட்டியா" என்று சிரித்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி பம்பில் போல்ட் முடுக்க ஆரம்பித்தான். நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் தலைக்கு மேலே அந்த இணைப்பிலிருந்து வெள்ளையாக ஆவி வருவதைப் பார்த்தேன். மூன்று நாளாக அந்த நெடியிலேயே கிடந்ததால் அது கூடியது அவனுக்கு உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அவனுக்கும் முப்பது அடி இருக்கும்.

நான் இரண்டு முறை கையைத் தட்டினேன். மிஷின் சத்தத்தில் அவன் திரும்பவில்லை. துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "மேலே கேஸ், வெளியே வா" என்று அவன் செல்போனுக்குச் செய்தி அனுப்பினேன். மணி 3.11. என் போனை ஒப்படைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். அவன் போன் சட்டைப் பையில் இருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது. வேலை நேரத்தில் அது அங்கேதான் தொங்கும் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு நெல்சனுக்கும் அதே செய்தியை அனுப்பினேன். வேன் பக்கம் இருந்த லோடு ஆட்களிடம் நான் ஓடவில்லை. 3.13-க்கு இணைப்பு வெடித்தது. லோடு ஆட்கள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவனை இழுத்து வந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் "தண்ணி, தண்ணி" என்றான். அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நான் ஆட்டோவில் வீட்டுக்குப் போய் ஆவி பிடித்தேன்.

மறுநாள் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி அரங்கில் இரண்டு பாடல்களையும் பாடிப் பதிவு செய்தேன். குரல் நன்றாக இருந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, படகுகள் கிளம்பிய அன்று, அசோகன் இறந்துபோனான்.

அதன் பிறகு 20-ஆம் தேதி ஜெர்மனியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்ததாகவும் செப்டம்பரில் வரும்படியும் கடிதம் வந்தது. மறுநாள் நெல்சன் வீட்டுக்கு வந்து, நான் மூன்று முறை உரக்கக் கத்தி எச்சரித்தேன், அசோகன்தான் அலட்சியமாக இருந்தான் என்று டைப் செய்த தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா ஃப்ளைட் ஏறுங்கண்ணா. கத்தலன்னு சொன்னா உங்களுக்குத்தான் பேஜாரு. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்குவாங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அப்பாவின் உடம்பை விசாரித்துவிட்டுப் போனார். தாள் நான்கு நாள் என் மேஜையில் இருந்தது. அந்த நான்கு நாளும் தெரு முனையில் கம்பெனி வேன் ஒன்று நின்றது.

ஐந்தாம் நாள் அசோகன் மனைவி கெங்கம்மா வந்தார். உட்காரவில்லை. "அண்ணே, நீ கத்துனியாமே, எங்க வூட்டுக்காரரு காதுல வாங்கலியாமே, கம்பெனில சொல்றாங்க. இருவது வருசம் அந்த மிசினுகூட கெடந்த மனுசன். கத்துனா ஓடியாராம குந்திகினு இருக்குமா? நீயே சொல்லு" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் போய்விட்டார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் கத்தவில்லை. பயத்தில் குரல் எழவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை, என் குரல் எழும். கத்துவதற்கு அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும், இழுத்தால் மறுநாள் பாட முடியாது என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். யோசித்துத்தான் வாயைப் பொத்தினேன். முப்பது அடியில் அந்த மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கூப்பிட அங்கே இருந்தவர்களில் என் ஒருவனால்தான் முடியும். கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். வெளியே வர இரண்டு நிமிடம் இருந்தது.

நெல்சன் கொடுத்த தாளையும் என் பாஸ்போர்ட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'கத்த இயலாமல்' என்று இருந்ததை அடிக்கச் சொல்லி, 'கத்தாமல்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ம. ஹென்றி