இரண்டாவது நொய்யல்

— அப்படியே கை தட்டிப்போட்டாருங்க பாவா, அந்த டைரக்டரு! பாலத்து மேல நின்னு ஆத்தப் பாத்ததும், "செட்டே வேண்டாம்யா, கிரகம் ரெடியா இருக்குது"ன்னு குதிக்கறாருங்க.

— எந்தக் கிரகம், கிருஷ்ணா?

— உங்க கதையில வர்ற கிரகந்தானுங்க. "இரண்டாவது நொய்யல்"னு நீங்கதான எழுதுனீங்க? தண்ணி செவப்பா ஓடும், மேல நொரை நொரையா மெதக்கும், மீன் ஒண்ணுகூட இருக்காது.

— நான் எழுதினது அறுபத்தொம்பதுல. அப்ப இங்க ஓடினது தண்ணி. செவப்பு வேற உலகத்துல ஓடும்னுதான் எழுதினேன்.

— அதத்தானுங்க அவரும் சொல்றாரு. "அரங்கசாமி சார் தீர்க்கதரிசிங்க, அன்னைக்கே கண்டுட்டாருங்க"ன்னு.

— தீர்க்கதரிசியாமா! மேக்க உன்ற சாயப்பட்டறை, கெழக்க என்ற ஊடு. நடுவுல வர்றதக் கண்டு சொல்ல ஞானக்கண்ணு வேற வேணுமாக்கும்.

— ஏனுங்க, வந்த ஒறம்பரைய நிக்க வெச்சே பேசிட்டு இருக்கீங்க? உக்காரு கண்ணு. ஒப்புட்டு சுட்டிருக்கேன். நெய் ஊத்தட்டுமா?

— ஊத்துங்கக்கா. தாராளமா ஊத்துங்க.

— கனகம், உன்ற தம்பி இங்க கை நனைக்க மாட்டான். கேசு போட்ட நாள்லருந்து இந்த ஊட்டுல பச்சத்தண்ணி தொடாதவன். நம்ம புள்ள கல்யாணத்துக்கே பந்தியில உக்காராமப் போனவனாச்சே.

— அது அப்பங்க. இப்பப் பசிக்குதுங்க பாவா.

— கேசு இன்னும் நடக்குதப்பா.

— கேசு கோர்ட்டுலங்க. ஒப்புட்டு எலையிலங்க.

— மூணு வருசத்து வைராக்கியம் ஒரு கரண்டி நெய்யில கரஞ்சுபோச்சா?

— சாப்பிடற புள்ளைய ஏனுங்க நோண்டறீங்க? நீ தின்னு கண்ணு.

— நோண்டலம்மா, ஆச்சரியப்படறேன். ஏம்ப்பா, உன்ற மேல கேசு போட்டது நான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. பூமி உங்கக்கா பேர்ல, கெணறு உங்கக்கா பேர்ல, உங்கப்பன் கல்யாணத்துல பொண்ணுக்குன்னு குடுத்த மஞ்சக்காணி. கேசும் அவ பேர்லதான். கூட நின்னவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க, மிச்சம் இவ ஒருத்தி. எழுதிக் குடுத்தது மட்டுந்தான் நானு.

— எழுதறதுதானுங்களே பாவா வில்லங்கம். நீங்க எழுதினா நடந்துபோடுது.

— நல்லாப் பேசறே.

— எனக்குக் கதை கிதையெல்லாம் தெரியாது கண்ணு. ஆத்தப் பாத்தா வெள்ளக்காரன் என்ன கலரு துணி போடறான்னு சொல்லிப்போடுவேன். ஆடி மாசம் செவப்பும் பச்சையும் ஓடுச்சுன்னா அவிங்களுக்குக் கிறிஸ்துமசு வருதுன்னு அர்த்தம். போன வருசம் பூராவும் ஊதா.

— நேவி ப்ளூங்கக்கா. ஜெர்மனி பார்ட்டி.

— அந்த ஜெர்மனிக்காரன் புண்ணியத்துல என்ற எருமைக்குச் செனை தங்கல. தென்னையெல்லாம் கொண்டை காஞ்சு நிக்குது. கெணத்துத் தண்ணியில பருப்பு வேகறதில்ல கண்ணு. இந்த ஒப்புட்டுக்குக் கடலப்பருப்பு வேகவெக்க லாரித்தண்ணிதான் புடிச்சேன். தின்னு.

— இப்படிச் சொல்லிக்காட்டினா எப்படிங்கக்கா முழுங்கறது?

— சொல்லிக்காட்டலையே. தின்னுன்னுதான சொல்றேன்.

— கேளுங்க பாவா, நீங்களே நாயஞ் சொல்லுங்க. உப்புப் போட்டாத்தான் சாயம் துணியில புடிக்கும்னு ஒம்பதாவதுல எனக்குப் பாடம் நடத்துனது யாருங்க? நீங்கதானுங்களே. அந்த உப்பு பொறவு எங்க போகும்னு நீங்க நடத்தலீங்களே.

— அது சிலபஸ்ல இல்ல.

— அதானுங்க. என்ற பட்டறைய நம்பி எத்தன ஊட்டுல அடுப்பெரியுது தெரியுங்களா? வெள்ளாமக் காடு காஞ்சு போனவனெல்லாம் எங்கிட்டத்தானுங்க வேலைக்கு வாரான்.

— அவன் காட்டக் காயவெச்சது யாருன்னு அவனும் கேக்கறதில்ல, நீயும் சொல்றதில்ல. செரி, அத உடு. டைரக்டர் வேறென்ன சொன்னாரு?

— பட்டறைக்கே வந்து நின்னுட்டாருங்க. எந்தக் கெழமை எந்தக் கலரு வரும்னு கேக்கறாரு. "அதெல்லாம் ஆர்டரப் பொறுத்துதுங்க. ஆனாப் பாருங்க, எங்க பாவா கதை, அதனால ஷூட்டிங் முடியற வரைக்கும் செவப்பே உடறோம்"னு சொல்லிப்போட்டேன்.

— என்ற கதைக்காக உன்ற சாயத்த உடறியா? இந்தப் பெருமைய நான் எங்க கொண்டு போய் வெக்கறது?

— வெளையாடாதீங்க பாவா.

— நானா வெளையாடறேன்? செவ்வாக்கிழமை கோர்ட்டுல தீர்ப்பு. பட்டறைய மூடச் சொல்லிட்டா செவப்புக்கு எங்க போவேன்னு அவருகிட்டச் சொன்னியா?

— அது... சொன்னேனுங்க. பதறிப்போயிட்டாரு. ஆறு தெளிஞ்சுட்டா படமே கெடையாதுன்னு புரொடியூசர் சொல்லிட்டாராம். செட்டுப் போட்டு எடுக்கற அளவுக்கு இது பெரிய படமில்லைங்களாம்.

— அப்ப என்ற படமும் உன்ற பட்டறையும் ஒரே பரிசல்ல உக்காந்திருக்குது.

— நீங்க சொன்னா நல்லா இருக்குதுங்க. நான் சொல்லியிருந்தா அடிச்சிருப்பீங்க.

— கனகம், மாவு மிச்சம் இருக்குதா? தம்பிக்குச் சூடா இன்னும் ரெண்டு சுட்டுட்டு வா.

— அடேங்கப்பா, திடீர்னு மச்சினன் மேல பாசம் பொங்குது. செரீங்க, போறேன்.

— உங்கக்கா அடுப்படிக்குப் போயிட்டாளா பாரு. எனக்குப் பக்கவாட்டுல ஒண்ணுந் தெரியறதில்ல.

— போயிட்டாங்க. ஏனுங்க, கண்ணு அவ்வளவு மோசமாயிருச்சுங்களா?

— குழாய்க்குள்ள கண்ண வெச்சுப் பாக்கறாப்பல இருக்குது. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பத் தின்னுபோட்டுதாமா. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்க, போனது போனதுதான், இருக்கறது எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாதுன்னு. அடுத்த தீவாளிக்கு மத்தாப்பு தெரிஞ்சாப் பெருசு.

— அக்கா சொல்லுச்சுங்க. சொல்லி அழுதுச்சுங்க. அதுக்குள்ள இந்தப் படம் வந்துரோணும்னு.

— உங்கிட்டயா? அவ உங்கிட்டப் பேசி வருசக்கணக்காச்சே.

— அது... ஒரு எழவு ஊட்டுல பாத்தப்பச் சொல்லுச்சுங்க. படத்தோட கடைசிப் பாகத்த நீங்க ஒருக்காப் பாத்துப்போடோணுமாமா. கெழவன் காலத்தப் பின்னால திருப்பற மெசின்ல ஏறி அரை நாளைக்குப் பழைய நொய்யலுக்கு வருவானே. ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி ஒரு புள்ள கையில அள்ளிக் குடிக்கும். "குடிக்கறீங்களா?"ன்னு கெழவனக் கேக்கும்.

— அந்தப் புள்ள உங்கக்கா.

— தெரியுங்க பாவா. ஊருக்கே தெரியும்.

— ஊருக்குத் தெரியும். பத்திரிக்கையில தொடரா வந்தப்ப எனக்கு வந்த கடுதாசியெல்லாம், ராக்கெட்டு எப்படிப் பறக்குது, செவப்புக் கிரகத்துல மூச்சு எப்படி உடறாங்கன்னுதான். நான் ராக்கெட்டுக்காகவா எழுதினேன்? அந்த ஒரு கை தண்ணிக்குப் போய்ச் சேர்றதுக்குத்தான் முந்நூறு பக்கம் ரோடு போட்டேன். இதுக்கு முன்னால ரெண்டு கம்பெனிக்காரன் படமெடுக்கறேன்னு வந்து, விருந்து தின்னுட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் நான் நெனச்சது ஒண்ணுதான். அந்த ஆறு எங்கயாச்சும் ஒரு தெரையிலயாவது மறுக்கா ஓடட்டும்னு.

— இப்ப ஓடப்போகுதுங்களே.

— ஓடாது.

— என்னுங்க?

— காலையில டைரக்டர் மெட்ராஸ்லருந்து போன் பண்ணினாரு. கடைசிப் பாகத்தத் தூக்கிட்டாங்களாம். "செவப்பு ஆத்தங்கரையில ஃபைட்டோட முடிச்சர்றோம் சார். அதுக்கு மேல பழைய ஆறு, ஊத்துன்னு காட்டினா ஜனம் எந்திரிச்சுப் போயிரும் சார்"ங்கறாரு. அந்த மெசின வில்லன் ஒடச்சுப்போடறானாமா.

— ஐயோ. நீங்க பேசிப் பாக்கலீங்களா?

— பேசினேன். "இப்பப் போய்ச் சுத்தமான ஆத்துக்கு நான் எங்க சார் போறது?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு.

— கேரளாவுல எடுக்கலாமுங்களே.

— நானும் அதத்தான் சொன்னேன். அதுக்குப் பட்ஜெட் இல்லையாமா. ஓசியில கெடைக்கறது உன்ற செவப்புத்தான். ஏன் கைய எடுத்துட்டே? தின்னு.

— போதுமுங்க. பாவா, இது அக்காவுக்குத் தெரியுங்களா?

— தெரியாது. நானே சொல்லிக்கறேன். ஏம்ப்பா உனக்கு இப்படி வேர்க்குது?

— ஒண்ணுமில்லீங்க. நெய்யி அதிகம்.

— இத மட்டும் கேட்டுட்டுப் போ. படத்த நிறுத்த எனக்கு வழியில்ல, கதை உரிமைய எழுதிக் குடுத்தாச்சு. ஆனா ஆறு இருக்குது. இத்தன நாளும் உள்ளுக்குள்ள ஒரு சபலம் அரிச்சுட்டே இருந்துது. கேசு இன்னுங் கொஞ்சம் இழுத்தா என்ன, படம் வந்துரட்டுமே, ஒருக்காப் பாத்துக்கலாமேன்னு. நெனச்சா எனக்கே என்ற மேல கசக்குது. இப்ப அந்தச் சபலமும் போச்சு. செவ்வாக்கிழமை நானும் உங்கக்காளும் கோர்ட்டுல நிப்போம். உன்ற பட்டறைய மூடற வரைக்கும் உடமாட்டேன்.

— பாவா...

— கோவிச்சுக்காதே. கை நனைச்சவங்கிட்ட மனசுல ஒண்ணு வெச்சுட்டு வெளிய ஒண்ணு பேசக்கூடாது. அதான் சொல்லிப்போட்டேன்.

— கோவமில்லீங்க. நான் போயிட்டு வாரேனுங்க.

— ஏங் கண்ணு, அதுக்குள்ள எந்திரிச்சுட்டே? சுடச்சுடக் கொண்டாந்திருக்கேன், ஒண்ணே ஒண்ணு வாயில போடு.

— போதுங்கக்கா. பட்டறைக்கு லோடு வருது. அக்கா... பாவா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாமா. நான் வாரேனுங்க.

— என்னாச்சுங்க இவனுக்கு? கார்க் கதவக்கூட ஒழுங்காச் சாத்தாமப் போறான்! என்னத்தச் சொன்னீங்க?

— கனகம், எனக்கு நேரா வந்து உக்காரு. உன்ற மொகம் தெரியோணும்.

— உக்காந்தாச்சுங்க.

— முந்தாநேத்து வெள்ளகோவில் சீருக்குப் போயிட்டு வந்ததுலருந்து நீ சிரிச்ச மொகமா இருக்கறே. விசேசமில்லாத நாள்ல ஒப்புட்டு சுடறே. அதுல மண்ணள்ளிப் போடறாப்பல ஒண்ணு சொல்லப்போறேன்.

— சொல்லுங்க.

— படத்துல அந்தக் கடைசிப் பாகம் இல்ல.

— எதுங்க?

— நீ தண்ணி குடிக்கறது. ஊத்து, மணலு, பழைய ஆறு, ஒண்ணுமே இல்ல. தூக்கிப்போட்டாங்க.

— அப்ப என்னத்தக் காட்டுவாங்க?

— இப்ப ஓடற இதத்தான்.

— இதப் பாக்கறதுக்கு சினிமாக் கொட்டாய் எதுக்குங்க? நம்ம காட்டோரமே நாறிட்டு ஓடுதே.

— அதேதான்.

— நெசமாவே இல்லீங்களா? துளியூண்டுகூட? ஒரு பாட்டுலயாவது?

— இல்ல கனகம்.

— நல்லா விசாரிச்சீங்களா? பொறவு எடுத்துச் சேத்துவாங்களோ என்னமோ. அவருக்கு ஒரு போன் போட்டு, நான் சொன்னேன்னு சொல்லிக் கேளுங்க.

— கேட்டாச்சு. மெசினயே ஒடச்சுப்போட்டாங்க, கெழவன் எதுல ஏறி வருவான்? எழுதினவன் நானே ஆறிட்டேன். நீ ஏன் இப்படி வெளுத்துப்போறே?

— ஒண்ணுமில்லீங்க.

— உடு. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இப்பத்தான் மனசு ஒரு பக்கமா நிக்குது. எனக்குக் கண்ணு போனாப் போகட்டும். இன்னைக்கில்லாட்டி இன்னும் பத்து வருசங் கழிச்சாவது ஆறு தெளியட்டும். என்னையக் கையப் புடிச்சு மணலுக்குக் கூட்டிட்டுப் போ. ஊத்துத் தோண்டி நீ குடிச்சுப்போட்டு, இனிக்குதா கரிக்குதான்னு எனக்குச் சொல்லு. எந்தப் படத்துலயும் அது வராது. நீ வக்கீலுக்குப் போன் போடு. செவ்வாக்கிழமை மொத பஸ்ஸுக்கே ரெண்டு பேரும் வாரோம்னு சொல்லு.

— ஏனுங்க.

— சொல்லு.

— மூணு வருசமாப் பச்சத்தண்ணி தொடாத என்ற பொறந்தவன், இன்னைக்கு ஏன் நம்மூட்டுல கை நனைச்சான்னு நெனச்சீங்க?

— உன்ற ஒப்புட்டு வாசத்துக்கு மயங்கிட்டான்னு நெனச்சேன். ஏன்?

— முந்தாநேத்து நான் வெள்ளகோவிலுக்குப் போகலீங்க. கிருஷ்ணன் கார்ல கோயமுத்தூருக்குப் போயி, வக்கீல் ஆபீசுல சமாதானமாப் போறோம்னு ராஜிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் கேச முடிச்சுப்போட்டு வந்தேன். உங்க கண்ணு இருக்கறப்பவே அந்த ஆத்த நீங்க ஒருக்காப் பாத்துப்போடோணும்னு.