டவர் வந்ததும்

அந்தமானில், லாங் ஐலண்டிலிருந்து ரங்கத் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“இந்த டிஜிட்டல் ரூபாய்க்கு ஞாபகசக்தி ஜாஸ்தியாம்க்கா,” என்றாள் இளையவள்.

“நெட் இல்லாமலே போகும்னாங்களே?”

“போகும். டவர் கிடைச்சதும் எங்க போச்சுன்னு சொல்லிடும்.”

“சர்க்காருக்குத்தானே? மாலூம் ஆகட்டும், தெரிஞ்சா தெரியட்டும். அதுக்கு நான் யாரு?”

“பேங்க்ல குடுத்த நம்பர் உங்க வீட்டுக்காரரோடதுல்ல? மெசேஜ் அங்கயும் போகுமே.”

மூத்தவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

“நேத்து டவர் இல்லாதப்ப மகளுக்கு இதுலதான்டி குடுத்தேன். அந்தப் பெங்காலிப் பையனைக் கட்டினதுலேர்ந்து அவ பேச்சையே எடுக்கக் கூடாதுங்கிறார்.”

ரங்கத் படகுத்துறை தெரிந்தது. படகில் ஒவ்வொரு போனாகக் கூவத் தொடங்கியது. மூத்தவள் தன் போனை, வாயைப் பொத்துவதுபோல, இரண்டு கையாலும் மூடினாள்.