நோட்டீசுல ஏழாவது

வந்துருவாருங்க கொழுந்தனாரே, இங்கதான் போயிருக்கறாரு. கெழக்கயா மேக்கயான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும். சாட்சிக் கையெழுத்து எங்கூட்டுக்காரரு போட்டாத்தான் செல்லும்னு நீங்கதான சொன்னீங்க, அப்ப இருந்துதான் ஆகோணும். பத்திரத்தை எதுக்குங்க மடியிலயே வெச்சிருக்கறீங்க, இப்படிக் கட்டலு மேல வைங்க. காத்துல பறக்காதுங்க, சொம்பைத் தூக்கி மேல வெக்கறேன். நாலு ஏக்கரா நெலமாச்சே, அத்தனை லேசாப் பறந்துருமுங்களா.

போடறேனுங்க. போட மாட்டேன்னா சொன்னேன்? பள்ளிபாளையத்து உங்க மச்சினரு பேருக்கு மாத்தோணும், பாவாயிங்கறவ இதுல ஒரு கையெழுத்துப் போடோணும், அவ்வளவுதான? ரெண்டு வருசத்துக்கு முந்திப் பங்குனியில எம்பேருக்கு எழுதுனப்ப என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டனுங்களா? நெலத்துக்குச் சட்டம் வருது அண்ணி, எச்சா வெச்சிருந்தா சர்க்காரு எடுத்துக்கும், சும்மா பேருக்குத்தான், கேக்கறப்பக் குடுத்துருங்கன்னீங்க. நானும் தலையாட்டுனேன். பங்காளி ஊட்டுப் பொம்பளை, வாயில்லாதவன்னு நம்பி எழுதுனீங்க. வாயில்லைன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?

சிரிக்காதீங்க, மோரு சிந்துது. உப்புப் போதுமுங்களா? பக்கத்தூட்டு மோருங்க, எனக்கு ஒரே சங்கடமா இருக்குது, எம்மெல்லேவுக்குக் குடுக்கறோம், புளிச்சிருக்குமோ என்னமோன்னு. டிரைவரு சாமிக்கும் ஒரு டம்ளரு குடுத்துட்டேன். அப்பறம் கொழுந்தனாரே, பிளசரை எடுக்கறப்ப அடியில ஒருவாட்டி பாத்து எடுக்கச் சொல்லுங்க. கோழி ஒம்பது குஞ்சோட அதுக்கடியிலதான் போய்ப் படுத்திருக்குது. நெழலு கண்ட எடத்துல ஒதுங்கிக்கும், அது யாரு காருன்னு அதுக்கென்ன தெரியும்.

அவருங்களா? வந்துருவாருங்க.

அதுவரைக்கும் சும்மா உக்காருவானேன். உங்க நோட்டீசு வந்துச்சு, அதப் பாத்தீங்களா? அதா செவுத்துல ஒட்டியிருக்கறனே. பஞ்சாயத்து ஆபீசுல நாலு கட்டு எறக்குனாங்க. மூணு கட்டு பலகாரக் கடைக்குப் போயிருச்சுங்க, போண்டாவெல்லாம் இப்ப உங்க போட்டாவுலதான் மடிக்கறாங்க. நான் ரெண்டு எடுத்துட்டு வந்தேன். மூணாங்கிளாசோட நின்னவளுக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டி முடிக்க நாலு நாளாச்சு. ஊருக்குள்ள அடியிலிருந்து முடி வரைக்கும் படிச்சது நானொருத்திதான். நீங்களே அத்தனையும் படிச்சிருப்பீங்களான்னு எனக்குச் சந்தேகமுங்க.

முதலாவது என்னன்னா, இவ்வாண்டு சட்டசபையில் தொகுதியின் சார்பில் பதினொரு கேள்விகள் கேட்டேன். பதினொண்ணுங்களா? இங்க ஊட்டுக்கு ஒறம்பரையா வந்தா அண்ணி நல்லாருக்கறீங்களாங்கற ஒரு கேள்வியோட சரி, அதுக்கும் பதிலு வாரதுக்குள்ள கையலம்பப் போயிருவீங்க. மெட்ராசு தண்ணி ஒத்துக்குது போல.

ரெண்டாவது, ஊர் தோறும் மின்விளக்கு. இது நெசந்தானுங்க, பாதி. கம்பம் வந்துச்சு, கம்பி வரலை. நம்மூட்டு முன்னால நிக்குதே, அதுல பீர்க்கங்கொடி உச்சிக்கே ஏறிருச்சு. பிஞ்சு விட்டிருக்குது, பறிக்க எட்டலை. பன்னெண்டாவது கேள்வியா ஒரு ஏணி கேளுங்க. எருமையக்கூட அதுலதான் கட்டிட்டிருந்தேன்.

ஆமாங்க, இப்ப இல்ல. சந்தைக்குப் போயிருச்சு. கறவை எருமைதான், அதுக்கென்னங்க இப்ப. வித்தேன். அதை உடுங்க.

மூணாவது பாலமுங்க. ஓடைக்குக் குறுக்கால பாலம் கட்டறதுக்கு ஓட்டுல செயிச்ச சூட்டோட மாலை போட்டுக் கல்லு நட்டீங்களே, அது ஐப்பசித் தண்ணியிலயே சாஞ்சிருச்சு. வருத்தப்படாதீங்க, வீணாப் போகலை. வழுவழுன்னு நல்ல கல்லு. பொம்பளைக அத்தனை பேரும் அதுலதான் தொவைக்கறோம். தங்கசாமி எம்.எல்.ஏ.ங்கற எழுத்து மட்டும் இன்னும் அழியவே இல்ல. எஞ்சீலை வெளுக்கறதெல்லாம் உங்க பேரு மேலதான். கோவிச்சுக்காதீங்க, எங்க கொழுந்தனாரு பேராச்சேன்னு நான் மெதுவாத்தான் அடிக்கறேன்.

அப்பறம் ஊர்ச் செய்திகள்னு ஒரு பக்கமே போட்டிருக்கறீங்க. திருச்செங்கோட்டுத் தேருக்கு நீங்க வடம் புடிச்சது. உங்க மச்சினரு ஊட்டுக் கல்யாணம். நம்ம பள்ளிக்கூடத்துக்கு லாசர் வாத்தியாரு வந்தது. அவரு நல்ல மனுசனுங்க, சேலத்துக்காரரு, வேதக்காரரு. பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடறப்ப மொத வாயி தானு தின்னு பாத்துட்டுத்தான் போடச் சொல்றாரு. அதை நீங்க போடலை. நீங்க மாலை போட்டதை மட்டுந்தான் போட்டிருக்கறீங்க.

தெரியுமுங்க, நேரமாகுதுன்னு தெரியும். எனக்கு மட்டும் இது இழுத்துக்கிட்டே போகோணும்னு ஆசையா? அவரு கையெழுத்துன்னாலே நேரந்தானுங்க. வலது கையில மூணு விரலுதான, பேனா நிக்காது. நீங்க மறந்திருப்பீங்க. இந்தப் பத்திரத்துல இருக்குதே மேட்டாங்காடு, அதுல கெணறு வெட்டறப்ப பாறைக்கு வெச்ச வேட்டு முந்திக்கிச்சு. உங்களைப் பெத்த ஐயன் அப்ப உசுரோட இருந்தாரு, நெல்லு ஒரு மூட்டை குடுத்து அனுப்பிச்சாரு. நல்ல நெல்லுதான், குத்தம் சொல்லலை. அந்த ரெண்டு விரலும் இன்னும் அந்தக் கெணத்துக்குள்ளதான் எங்கியோ கெடக்குது. பத்திரம் எழுதறதுக்குப் பத்து வருசம் முந்தியே எங்களுதுன்னு ரெண்டு அங்க போட்டு வெச்சிருக்கறோமுங்க.

இல்லீங்க, அழுகலை. அடுப்புப் பொகை.

ஏழாவதுக்கு வாரேன், இருங்க. இதுதான் எனக்குச் சரியா வெளங்கலை, எழுதுனவரே வந்துட்டீங்க, கேட்டுக்கலாம்னுதான். நில உச்சவரம்புச் சட்டம். நெறைய எழுதியிருக்கறீங்க. கடைசியில பாருங்க, தடி எழுத்துல: பத்திரம் யார் பெயரில் உள்ளதோ அவரே நிலத்துக்கு உரியவர். ஏழை எளியவர் பெயரில் எழுதி வைத்துவிட்டு, பிறகு மிரட்டித் திரும்ப வாங்கும் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். யாரும் அஞ்சிக் கையெழுத்திட வேண்டாம். உங்களுக்கு நான் துணை நிற்பேன்.

மேக்காலூருப் பெரிய பண்ணைக்காரரு, அந்த மிட்டாதாரை நெனைச்சு எழுதுனீங்களாக்கும். ஓட்டுல உங்களை எதுத்து நின்னாரே, அந்தக் கோவம். நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன். ஆனா நோட்டீசுல பேரு போடலையே கொழுந்தனாரே. பேரு போடாத சட்டை யாருக்கு வேணா சரியா இருக்குமே.

படிச்சதிலிருந்து எனக்குச் சோறு எறங்கலை. நான் ஒண்ணுக்குப் பத்தா ரோசனை பண்றவ, உங்களுக்கே தெரியும். உங்ககிட்டயே கேக்கலாம்னா மெட்ராசுல இருக்கறீங்க. சரின்னு இன்னொரு நோட்டீசை மடிச்சு எடுத்துட்டு லாசர் வாத்தியாரு ஊட்டுக்குப் போனேன். ஏனுங்க வாத்தியாரே, இதுல இருக்கறதெல்லாம் நெசமுங்களான்னேன். கம்பத்தையும் கல்லையும் பத்தி எனக்குத் தெரியாதும்மா, ஏழாவது நெசந்தான்னாரு. அப்பறம் திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸு ஏறி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனேன். போற வழியெல்லாம் வாந்தி. அங்க மேசையில இருந்தவருகிட்ட நோட்டீசைக் காட்டி, எங்க எம்மெல்லே எங்களுக்குத் துணை நிப்பேன்னு போட்டிருக்கறாருங்க, பத்திரத்துக்கு ஒரு நகலு வேணுமுங்கன்னேன். உங்க போட்டாவைப் பாத்ததும் அவரு எந்திரிச்சு நாற்காலி போட்டாருங்க. எனக்கு நாற்காலி. உங்க பேருக்கு அங்க அத்தனை மரியாதை.

நகலு பத்திரமா ராகிப் பானைக்குள்ள இருக்குது. இவ பாவாயி, இன்னாரு சம்சாரம்னு போட்டிருக்குது. அந்த இன்னாரு பேரை நீங்களே படிச்சுக்கங்க, நான் சொல்ல மாட்டேன்.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க. உக்காருங்க. மோரு அப்படியே இருக்குது.

எனக்கு மட்டும் பயமில்லீங்களா? இந்த ஊடும் உங்க எடத்துலதான் நிக்குது, தெரியாமலா பேசிட்டிருக்கறேன். போன்னா போயிருவோம். கெணத்து மேட்டுல குடிசையாட்டம் ஒரு சாளை போட்டுக்கலாம்னு ஓலைக்குச் சொல்லியிருக்குது. ஒழுகும். இங்க மட்டும் ஒழுகாமயா இருக்குது.

அவரு எங்கீன்னு நாலுவாட்டி கேட்டுட்டீங்க. கேக்கறவங்களுக்குப் பதிலு சொல்லோணுமில்ல, நான் என்ன சட்டசபையா. நேத்துப் பொழுதோட மழை பேஞ்சுதுங்களா, ஈரம் காயறதுக்குள்ளன்னு கோழி கூப்பட எந்திரிச்சுப் போனாரு. மேட்டாங்காட்டுலதான் இருக்கறாருங்க. கடலக்கா வெதைக்கறாரு. அஞ்சு ஏரு, ஊர்க்காரங்க குடுத்தது. வெதை உங்க ஊட்டுதில்லீங்க, எருமை போய் வந்த வெதை. நீங்க வந்தப்பப் பாதி கெடந்துச்சு. இந்நேரத்துக்குக் கடைசிச் சால் ஓடிட்டிருக்கும். அது முடியற வரைக்கும் உங்களை இங்க உக்கார வெக்கோணும்னுட்டுப் போனாரு. எனக்கு வேற என்ன பேசத் தெரியும், அதான் உங்க நோட்டீசையே படிச்சேன். அடுத்தவங்க வெதைச்ச காட்டை மிதிச்சாப் பாவம்னு அதுல நீங்க காலு வெக்க மாட்டீங்க. அந்தப் பழக்கம் உங்க ஐயன் காலத்திலிருந்து உங்களுக்கு உண்டு, அதை நம்பித்தான் இத்தனையும்.

பேனாவை மூடிருங்க கொழுந்தனாரே, வெள்ளைச் சட்டையில மை ஒழுகுது. பத்திரத்தையும் எடுத்துக்கங்க, சொம்பை நானு எடுத்துக்கறேன். டிரைவரு சாமி, அடியில பாத்து, ஒம்பது குஞ்சு.

அடுத்த நோட்டீசுல எடமிருந்தா ஊர்ச் செய்தியில ஒரு வரி சேத்துங்க, பாவாயி காட்டுல கடலக்கா வெதைச்சாங்கன்னு. தடி எழுத்தெல்லாம் வேண்டாம். போண்டா மடிச்சாலும் பரவாயில்ல, நீங்க அடிச்சு அனுப்புங்க. படிக்கறதுக்கு நானிருக்கறேன்.