மேனிஃபோல்டுக்குள் ஒரு வளையம்

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்த பெரியவரின் மடியில் ஒரு பழைய கார்ப்ரேட்டர். அதன் அடிப்பக்கத்தில், கிரீஸ் தடம் பதிந்த காகிதம் ஒன்றை வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாமா அது?” என்றார் பக்கத்திலிருந்த நடுவயதுக்காரர்.

“நம்ம ஜீப்பு இஞ்சின்ல கார்ப்ரேட்டர் ஒக்கார்ற மேனிஃபோல்டு வாய அச்செடுத்தேன். இருந்த கார்ப்ரேட்டரத்தான் எவனோ கழட்டிகினு பூட்டானே. தெரிஞ்சவன் வேலைதான். இது செஞ்சியில கெடச்சிது. போல்ட்டு ஓட்டையெல்லாம் சரியா இருக்குது.”

“போல்ட்டு சேந்தா போதுமா? இதுக்கு வாய் பெருசு மாமா. பெட்ரோல் கம்மியா குடிக்கணும்னு உன் மேனிஃபோல்டுக்குள்ள ஒரு பித்தள வளையம் எறக்கியிருக்குது பாரு, அதுமேல இத வெச்சா வண்டி திணறும்.”

பெரியவர் காகிதத்தை நிதானமாக மடித்தார்.

“அந்த வளையம் கார்ப்ரேட்டரக் கழட்டினாதான் தெரியும். எங்க நைனா போட்டது. திருட்டுப் போனப்பறம்தான் நானே பாத்தேன், யாருக்கும் காட்டல. நீ எப்பப் பாத்த?”

அனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த நடுவயதுக்காரர், அடுத்த நிறுத்தத்தில் பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கிவிட்டார்.

பெரியவரும் கார்ப்ரேட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினார்.