தெர்முத்திஸ் பெயருக்கு வாங்கிய பலிச்சீட்டு

கொள்ளைநோய்க்கு முந்திய வருடம், நைல் தண்ணீர் எங்கள் மதகுக்கு ஏறாமல் பயறு கருகிய வருடம், அப்போது நடந்ததைச் சொல்ல வந்திருக்கும் நான் ஹோரோஸ் மகன் பெத்தோசிரிஸ், வயது அறுபத்தெட்டு, வலது முழங்காலில் தழும்பு உண்டு, அர்சினோயே மாவட்டம் தபேத்தி கிராமத்தில் மதகுக் காவல் பார்த்தவன்.

அந்த வருடம் ஊரில் ஒருவர் விடாமல் கோயில் தெய்வங்களுக்கு இட்ட பலி இறைச்சி தின்று, தின்றதற்குச் சீட்டு வாங்க வேண்டும் என்று சக்கரவர்த்தி உத்தரவு வந்தது. என் தங்கை மகள் தெர்முத்திஸ், தறி நெய்பவள், கிறிஸ்தவள், அந்தப் பலியைத் தொடமாட்டாள், வரவில்லை. கோயில் முற்றத்தில் வரிசையில் நின்ற ஓர் ஆள் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அவள் பங்கையும் தானே தின்று, அவள் பெயருக்குச் சீட்டு வாங்கினான். அதற்குப் பிறகு அது அவள் வாசலுக்குள் போடப்பட்டது.

மறுநாள் அவள் தறியில் இருந்த துணியை அறுத்து மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சீட்டோடு தானே முற்றத்துக்கு வந்தாள்.

"எனக்குக் காய்ச்சலும் இல்ல, நான் தின்னவும் இல்லீங்க. இது பொய்ச் சீட்டு" என்றாள்.

யார் தின்றது என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

"என்னைப் பத்தி மட்டும் கேளுங்க."

அடித்தார்கள், அதற்குப் பிறகும் கேட்டார்கள். முந்தின நாள் வரிசையில் நின்ற நாங்கள் எதிரில்தான் இருந்தோம். அவள் ஒருவர் பக்கமும் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பட்டணத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள்.

ஏழு வருடம் கழித்து, புது உத்தரவின்பேரில் பழைய சீட்டுக் கட்டைப் பிரித்த அதிகாரி அதே கேள்வியை என்னிடம் கேட்டார். அந்தச் சீட்டு எழுதிய நேரத்தில் வரிசையில் நின்றவர்கள் செக்குக்கார ஹெரோன், கழுதைக்காரன் சம்பாஸ், நான். அவர்கள் இருவரும் நோயில் போய்விட்டார்கள் என்றேன்.

"ஏன்யா கிழவா, நீ சொல்ற ஆளெல்லாம் செத்தவனாவே இருக்கான்?"

"கொள்ளைநோய் என்னைக் கேட்டுக்கிட்டா ஐயா வந்துச்சு?"

"வாய் மட்டும் சாகல ஒனக்கு. சரி, சம்பாஸ் பொண்டாட்டியக் கட்டி இழுத்துட்டு வரச் சொல்றேன். அவ சொல்லுவா."

மேற்கண்டதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். சொன்னதில் பொய் இல்லை, விட்டதில்தான் உண்டு என்று சொல்லி, எனக்கு எழுத்துத் தெரியாததால் கடைசி வரியையும் அவரையே எழுதச் சொன்னேன். சம்பாஸ் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பங்கும் தின்றவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். தெர்முத்திஸின் தாய்மாமன், பெத்தோசிரிஸ்.