ஏழாம் தட்டில் ஒரு முடிச்சு

– உன் காலு நடுங்குது மச்சான். பலகையே ஆடுது, எனக்குத் தெரியாதா?

– காத்து அடிக்குது மாமா.

– காத்து மேல பழியைப் போடாத. பதினாலு வருசமா உன்கூடச் சாரம் கட்டுறேன். ஏழாந்தட்டுல காத்து அடிக்காம என்ன பண்ணும்? நம்மகூடச் சாரம் கட்டுன நெட்டையன் இங்கேருந்து விழுந்து செத்தானே, அன்னையிலேருந்து நீ ஆளே சரியில்ல.

– எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்.

– நல்லா இருக்கிறவன் ஒரே முடிச்சை மூணு தடவை அவுத்துக் கட்டுவானா?

– அது நீங்க கட்டுனது மாமா. நான் கயிறுதான் எடுத்துக் குடுத்தேன்.

– நீ ஒழுங்கா இழுத்துப் பிடிக்கல. அதான் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியதாப் போச்சு. பயந்தவன்கூட வேலை செய்யிறது பொணத்தை முதுகுல கட்டிக்கிட்டு ஏறுற மாதிரி.

– சரி, நான் பயந்தாங்கொள்ளின்னே வச்சுக்குங்க. மணி பத்தரை. இன்னும் ஒரு கம்பு ஏத்தல. மேல போவோமா?

– பாத்தியா, மேலன்னு சொல்லும்போதே உன் மூஞ்சி வெளுத்துப் போச்சு.

– என் மூஞ்சியை நீங்க எங்க பாத்தீங்க? செவுத்தைத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.

– எதுத்துப் பேசாத. நேத்தே இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன். இவனுக்கு உயரம் ஒத்துக்கல, கீழ செங்கல் சுமக்க விடுங்கன்னு.

– சொல்லிட்டீங்களா?

– உன் நல்லதுக்குத்தான். நாளைக்கு ஒண்ணுன்னா உன் அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?

– சாரத்தை விட்டா எனக்கு வேற என்ன வேலை தெரியும் மாமா? நீங்க கத்துக்குடுத்ததுதானே.

– கத்துக்குடுத்தவன்தான் சொல்றேன்.

– தூக்கத்துல பிடி, பிடின்னு கத்துறீங்களாம். அக்கா அழுவுது.

– உன்னை நெனச்சுத்தான் கத்துறேன். நீ விழுந்துடுவியோன்னு.

– ம்.

– என்ன ம்? வாயில என்ன வச்சிருக்க?

– என்னத்தைப் பேசுறது. நான் சொன்னா உங்களுக்கு ஏறவா போகுது.

– சொல்றதுக்கு என்ன இருக்கு? எறங்கு. மீதியை நான் ஒருத்தனே கட்டிக்கிறேன்.

– சரி மாமா.

– சரின்னுட்டு மரம் மாதிரி நிக்கிற? எறங்குடா.

– முடிச்சுப் போட்டதுலேருந்து ரெண்டு கையாலயும் என் இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க மாமா. மொதல்ல அதை விடுங்க.